பெயிண்ட் அடிக்காத ஜன்னல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. திருநகரில் ஒரு டீக்கடையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கிழவன் சொன்ன பொய். அந்தக் கிழவன் யார் என்பதை நான்காம் பகுதியில் சொல்வேன். அதற்குள் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் கண்டுபிடிக்காத மாதிரியே இருங்கள். வயதானவனுக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

நான்கு தொடக்கங்கள் எழுதினேன். தாள் வீணாகக் கூடாது என்று முதல் மூன்றையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

“தனிஸ்லாஸ் வாத்தியாரின் வீட்டை இடித்த அன்று வானம்” [வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெயில் அடித்தது. மதுரையில் அதை எழுதவேண்டிய அவசியமில்லை.]

“வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமென்ட்டும் அல்ல, அது” [செங்கல்லும் சிமென்ட்டும்தான். இடித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.]

“கேட்டில் ஒரு சேவல் கட்டியிருந்தது.” [இது நன்றாக இருக்கிறது. ஆனால் சேவல் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.]

நான்காவது தொடக்கம் கீழே.

2

தனிஸ்லாஸ் வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது. நேர்கோடு போட அவருக்கு ஸ்கேல் வேண்டாம். 1984இல் அவர் கட்டிய வீட்டை, மகன் ஸ்டீவ் பெங்களூரிலிருந்து பணம் அனுப்பி மாற்றிக்கட்டச் சொன்னான். மர ஜன்னல்கள் போய், தள்ளித் திறக்கிற வெள்ளை ஜன்னல்கள் வரவேண்டும் என்றான். வாத்தியாரின் மனைவி தங்கத்துக்குத் தூசி ஆகாது, மூச்சு இழுக்கும். வேலை முடிகிறவரை மூன்று மாதம் திண்டுக்கல்லில் மகள் ஷெரின் வீட்டில் தங்கம் இருப்பதாகவும், வாத்தியார் இங்கேயே இருந்து வேலையைப் பார்த்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. பஸ் ஏறும்போது தங்கம் சொன்னது ஒன்றே ஒன்று.

“அம்புட்டையும் யாருக்கு வேணும்னாலும் குடுங்க. அடுப்படி ஜன்னல மட்டும் குடுத்துறாதீங்க.”

“அது எதுக்கு தங்கம்? பெயிண்ட்டுகூட இல்லாம கெடக்கு.”

“குடுத்துறாதீங்கன்னா குடுத்துறாதீங்க.”

நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் தங்கம் ஒரு பொருளைத் தனக்கென்று கேட்டது அது மூன்றாவது தடவை. முதல் தடவை மிக்ஸி. இரண்டாவது தடவை என்ன கேட்டார் என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

வீடு இடிபட்டது. தேக்குக் கதவு நிலை ஐந்து, ஜன்னல் எட்டு, இரும்புக் கிராதி, கடப்பாக்கல், ஒரு குவியல் நல்ல செங்கல், விரிசல் விடாத ஒரு வாஷ்பேசின். பழைய மரக் கடையில் தள்ளிவிடலாம் என்றார் கட்டட வேலை எடுத்திருந்த செல்வக்குமார். வாத்தியார் கேட்கவில்லை. வீடு கட்ட முடியாமல் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் கொண்டுபோகட்டும் என்றார். ஒரு கரும்பலகையைக் கேட்டில் சாத்தி, முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: “வீடு கட்டுவோர் விலையின்றி எடுத்துச் செல்லலாம்.” அடுப்படி ஜன்னலை மட்டும் தனியாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாத்தி, தங்கத்தின் பழைய சேலையால் போர்த்திவைத்தார்.

மூன்று நாள் ஒரு செங்கல்கூட நகரவில்லை.

நான்காம் நாள் அழகுபாண்டி என்பவன் குட்டியானை வண்டியோடு வந்தான். நிலையைத் தட்டிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான்.

“நல்ல தேக்கு வாத்தியாரே. சும்மாவா குடுக்குறீக?”

“சும்மாதான்.”

“ஒண்ணுமே வேணாமா?”

“ஒண்ணும் வேணாம்ப்பா. எடுத்துட்டுப் போ.”

அழகுபாண்டி நிலையை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தான். பிறகு குரலை இறக்கிக் கேட்டான்.

“யாரு தொங்குனது?”

 வாத்தியார் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் நல்ல நிலையையும் ஜன்னலையும் யாரும் சும்மா கொடுப்பதில்லை, சும்மா வாங்குவதும் இல்லை. சும்மா கொடுத்தால் அந்த வீட்டில் ஆகாதது ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். வாத்தியார் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தவர். இந்த வழக்கமெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

அழகுபாண்டி வெறும் வண்டியோடு போனான். ஆனால் அவன் கேட்ட கேள்வி வெறும் கையோடு போகவில்லை. தெரு முழுக்கச் சுற்றியது. வாத்தியார் வீட்டில் தங்கத்தைக் காணோம் என்பது தெருவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை, அவரோடு வேலை பார்த்த பழைய பி.டி. மாஸ்டர் ஜெயபாண்டி ஒரு ரோஜா மாலையோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தங்கத்தக்கா மாதிரி ஒரு மனுசி உண்டா தனிஸ்லாஸு!”

“அவ திண்டுக்கல்ல மக வீட்டுல இருக்கா.”

“மொதல்ல அப்படித்தான் தோணும். மனசத் தேத்திக்கய்யா.”

வாத்தியார் போனைப் போட்டு, ஒலிபெருக்கியை அமுக்கினார். “என்னங்க, காலங்காத்தால?” என்றார் தங்கம். ஜெயபாண்டி மாஸ்டர் இரண்டடி பின்னால் போனார். சுதாரித்துக்கொண்டு நாலு வார்த்தை நலம் விசாரித்தார். ஆனால் வாங்கிவந்த மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாதாம். கேட்டில் இருந்த கரும்பலகைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.*

* அது நிலைமையை மேலும் மோசமாக்கியது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

3

இந்த இடத்தில் பேயாண்டி என்ற பாத்திரம் வருகிறது. அவனைக் கதையில் வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எழுபத்துநாலு வயது. இப்படிப்பட்ட ஆளைக் கதையில் விட்டால் கதை அவன் பின்னால் போய்விடும். நம்பகமும் போதாது. உதாரணமாக, சோழவந்தான் ரூட்டில் ஒரு குரங்கு தினமும் ஏறி, சரியாக அதே ஸ்டாப்பில் இறங்கும் என்று சொல்லியிருக்கிறான். டிக்கெட் கேட்டால் கூட்டத்தைக் காட்டுமாம்.

ஆனாலும் அவனில்லாமல் கதை நகராது. வாத்தியார் அன்று மதில் ஓரம் நின்று அவனிடம்தான் சொன்னார்.

“அண்ணே, மனுசன் நல்லது செய்யப் போனா மாலை போட்டுட்டுப் போறாங்கண்ணே.”

“விடுங்க வாத்தியாரே. நாளைக்கு ஒரு செங்கல் மிஞ்சாது. நான் பாத்துக்கிறேன்.”

“என்ன பண்ணப் போறீங்க?”

“பேசப் போறேன்.”

அன்று சாயங்காலம் டீக்கடையில் பேயாண்டி பேசினான். வாத்தியார் வீட்டில் யாரும் சாகவில்லை, அதெல்லாம் வீண்பேச்சு என்றான். அது ராசியான வீடு, அதனால்தான் வாத்தியார் விலை சொல்லாமல் தானமாகக் கொடுக்கிறார் என்றான். அதிலும் அந்த அடுப்படி ஜன்னல் இருக்கிறதே! அந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்த பெண்கள் யாரும் பிள்ளையில்லாமல் இருந்ததே கிடையாது. அதற்கு நேரே நின்ற ஆண் பப்பாளி மரம் காய்த்தது. அதன் கம்பியில் கட்டிய ஆடு ஒரே ஈற்றில் நாலு குட்டி போட்டது. ஐந்தாவது வந்திருக்கும், கயிறு நீளம் போதவில்லை.

ஏன் குறிப்பாக அடுப்படி ஜன்னல் என்று கேட்பீர்கள். பொய் சொல்கிறவன் ஒரு பொருளைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். பொதுவாகச் சொன்னால் ஒருவனும் நம்பமாட்டான். பேயாண்டி வீட்டு மாடிப்படியிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டியும் அதன் பின்னால் சேலை போர்த்திய அந்த ஜன்னலும்தான் கண்ணுக்கு நேரே தெரியும். அவ்வளவுதான் காரணம்.

4

பேயாண்டி நான்தான்.

[இதைப் படித்து நீங்கள் அதிர்ச்சியடைய வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை.]

ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியார் சர்ச்சில் பூசைக்குப் போகும்போது என்னிடம் கேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். “போர்த்தி வச்சிருக்கிறத மட்டும் தொடவேணாம்னு சொல்லிருங்கண்ணே.” சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது உண்மை.

ஏழு மணிக்குள் பதினோரு வண்டி வந்துவிட்டது. நிலைகள் போயின. கிராதி போயிற்று. வாஷ்பேசினுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் ஒச்சாயி. அழகர்கோவில் பக்கம் என்றார். பின்னால் அவர் புருசன் சோணை, ஒரு சேவலை அணைத்துக்கொண்டு நின்றார்.

“அய்யா, அந்தப் பிள்ளை வரம் குடுக்குற ஜன்னல் எது?”

எதற்கு என்று கேட்டேன்.

“மக சத்யப்ரியாவக் கட்டிக்குடுத்து ஏழு வருசமாச்சு. வகுத்துல ஒண்ணும் தங்கல. போன மாசம் அவ மாமியா, ‘ஓம் மகள ஓம் வீட்டுலயே வச்சுக்க’ன்னு கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாக. ஒத்தச் சோத்துப் பருக்க அவ தொண்டையில எறங்கலய்யா.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது: “அம்மா, அது நான் சொன்ன பொய்.” ஆறு வார்த்தைகூட இல்லை. முப்பத்தைந்து வருடம் கூட்டத்தில் கத்திக் கத்தி டிக்கெட் கொடுத்த நான் செய்தது வேறு. சேலையை உருவி ஜன்னலைக் காட்டினேன்.

“சும்மா வாங்கக் கூடாதுய்யா” என்று சொல்லி, சேவலைக் கேட்டின் கம்பியில் கட்டிவிட்டு, இருவரும் ஜன்னலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

வாத்தியார் பூசை முடிந்து வந்தார். இப்போது அந்த வரியைப் போடலாம்: கேட்டில் ஒரு சேவல் கட்டியிருந்தது.

அவர் சேவலைப் பார்த்தார். காலி வாசலைப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் மடித்துவைத்திருந்த சேலையைப் பார்த்தார். “அண்ணே” என்றார்.  அப்படியே செங்கல் குவியல் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். செங்கல்தான் அங்கே இல்லையே. தரையில் உட்கார்ந்தார்.

5

இரண்டரை மாதம் தேடினோம். என் மொபெட்டில் அழகர்கோவில் ரோட்டை எத்தனை தடவை அளந்தோம் என்று கணக்கில்லை. [இங்கே ஒரு நல்ல வருணனைப் பகுதி எழுதியிருந்தேன், வயல், மலை, குரங்கு. எடுத்துவிட்டேன். தேடுகிறவன் கண்ணில் மலை படாது. புது வீட்டு ஜன்னல்கள்தான் படும்.]

தங்கம் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்வார்.

“ஏங்க, வேல எம்புட்டு முடிஞ்சுச்சு?”

“டைல்ஸ் ஒட்டுறாங்க.”

“ஜன்னல் பத்திரமா இருக்கா?”

“ம்.”

“அது என்னங்க, சேவல் சத்தம்?”

“பக்கத்து வீட்டுல.”

“பேயாண்டி அண்ணன் சேவலா வளக்குறாரு? அந்த மனுசன் சொல்ற எதையும் நம்பாதீங்க.”

தங்கம் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒச்சாயி தானே வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் அதிரசப் பாத்திரம். முகம் முழுக்கச் சிரிப்பு.

“வாத்தியாரய்யா! ஒங்க ஜன்னல் வேல பாத்துருச்சுய்யா! மகளுக்கு ரெண்டு மாசம்!”

என் கையில் இருந்த டீ டம்ளர் நழுவிக் காலில் விழுந்தது. நான் ஆயுசுக்கும் பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்து அதிரசம் கொடுத்ததில்லை.

 ஜன்னலை மாட்டிய வாரமே மருமகன் ராஜபாண்டி அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, மாமியார் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டான். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி வைத்தியமும் நடந்துகொண்டிருந்தது. இவை இரண்டையும் ஊரில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாப் பெயரும் ஜன்னலுக்கே.

6

ஒச்சாயியிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு மறுநாளே போனோம். நான் மொபெட்டை ஓட்ட, வாத்தியார் பின்னால், அவர் மடியில் பைக்குள் சேவல். திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலை வாங்கிவருவது என்று முடிவு. வழியெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தார்: “அம்மா, இது தவறுதலா வந்துருச்சு, புது ஜன்னல் ஒண்ணு செஞ்சு தாரேன்.”

சுண்ணாம்பு பூசாத ஒற்றை அறை. உள்ளே கட்டில். கட்டிலை ஒட்டி, முழங்கால் உயரத்தில், அந்த ஜன்னல். வாத்தியார் வீட்டிலும் அது அதே உயரத்தில்தான் இருந்தது. ஆரம்பத்தில் தங்கம் தரையில் உட்கார்ந்து விறகடுப்பில் சமைத்ததால் புகை போவதற்காகத் தாழ்வாக வைத்தது.

சத்யப்ரியா எழுந்து நின்றாள். மெலிந்த பெண். “உக்காருங்க தாத்தா” என்று நாற்காலியைத் தூசி தட்டினாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “அம்மா, இது…”

“இத மொதல்ல பாருங்கய்யா” என்று ஒச்சாயி குறுக்கே வந்தார். ஜன்னலின் கீழ்க்கட்டை சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் இடது ஓரத்தை முந்தானையால் துடைத்துக் காட்டினார். “கொண்டாந்த அன்னைக்கே பாத்தேன். அப்பவே எனக்கு நம்பிக்க வந்துருச்சு. இது பிள்ளை வாழ்ந்த ஜன்னலுய்யா.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். மரத்தின் விளிம்பில் சின்னச் சின்னக் குழிகள். மேற்புறம் நான்கு. அடிப்புறம் இரண்டு.

பற்கள்.

அந்த அறையில் நான் பார்த்தது, ஒரு மனிதன் குனிந்தவன் நிமிராமல் நின்றது மட்டும்தான். மற்றதெல்லாம் திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அவர் சொன்னது.

ஸ்டீவுக்கு முன்னால் ஒரு பையன் இருந்திருக்கிறான். சூசை என்று பெயர். புது வீட்டில் தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய பையன். பதினோரு மாதத்தில் மூன்று நாள் காய்ச்சல். அப்போது நான் திருநகருக்கே வரவில்லை. அவர்கள் இருவரும் அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டுக்குள் உச்சரித்ததில்லை. இருந்த இரண்டு போட்டோவையும் தங்கத்தின் அம்மா எடுத்துப்போய் எங்கோ வைத்து, பிறகு அவை காணாமல்போயின. தங்கம் இரண்டாவது தடவையாகக் கேட்டது அந்தப் போட்டோவைத்தான்.

சமையல் நேரத்தில் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருப்பார். பையன் அம்மா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பல் முளைக்கிற அரிப்பில் தினமும் ஒரே இடத்தைக் கடித்தது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு ஐந்து தடவை பெயிண்ட் அடித்தார்கள். ஐந்து தடவையும் தங்கம், “அடுப்படி ஜன்னலுக்கு வேணாம், வாசம் ஆகாது” என்றார். சிக்கனம் என்று நினைத்திருந்தார் வாத்தியார்.

அந்த அறைக்குத் திரும்புகிறேன். சத்யப்ரியா பக்கத்தில் வந்து, அந்தக் குழிகள்மேல் கட்டைவிரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

“தெனமும் காலையில எந்திரிச்சதும் தொட்டுப் பாப்பேன் தாத்தா” என்றாள். “பயம் போயிரும்.”

வாத்தியார் நிமிர்ந்தார். மனப்பாடம் பண்ணிய வாக்கியத்தை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

“இதுக்குப் பெயிண்ட் மட்டும் அடிச்சுறாதம்மா.”

சேவலை அவர்கள் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) தச்சர் அழகுமலையிடம் அதே அளவில், அதே பழைய தேக்கில், ஒரு ஜன்னல் செய்து வைத்துவிடுவது. பல் தடத்துக்கு என்ன செய்வது என்று வாத்தியார் கேட்டார். நான் என் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முயன்றேன். “அந்தப் பார்வையில்” [முடியவில்லை.]

(ஆ) சத்யப்ரியாவுக்கு விஷயம் தெரிந்து, அவளே ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு வந்து “அம்மா, இந்தாங்க” என்று [இல்லை. அவள் தொட்டுப் பார்க்காத காலையை நான் எப்படி எழுதுவேன்? சினிமாவில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.]

(இ) வாத்தியார் உண்மையைச் சொல்கிறார். தங்கம் அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “தடம் அழியாம இருக்கா?” [இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் சந்தேகம் வந்தது. எனக்குப் பிடித்த மாதிரி வருகிறதெல்லாம் நான் அளக்கிற கதை.]

8

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. காலை பத்தரை. திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து தங்கம் இறங்கினார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மலை வாழைப்பழச் சீப்பு. வாத்தியார் சேவலோடு நின்றார். வீட்டில் விட்டுவந்தால் புது டைல்ஸை அசிங்கம் பண்ணிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

தங்கம் சேவலைப் பார்த்தார். பிறகு புருசன் முகத்தைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வருடம் பார்த்த முகம். பழச்சீப்பைக் கீழே வைத்தார்.

“ஜன்னல எங்க குடுத்தீங்க?”

  வாத்தியாரின் வலது கை தானாக உயர்ந்து, கட்டைவிரலை நீட்டி, காற்றில் ஏதோ ஒரு விளிம்பைத் தொடுவதுபோல நின்றது. தங்கம் அந்த விரலைப் பார்த்தார்.  இத்தனை வருடம் தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்த இடம் அது.

“பாத்தீங்களா?” என்றார்.

வாத்தியார் தலையாட்டினார்.

இருவரும் அப்படியே நின்றார்கள். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. ஆட்டோக்காரரே பையையும் பழத்தையும் எடுத்து உள்ளே வைத்து, சேவலையும் வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“எங்கண்ணே போகணும்?”

இங்கே நிறுத்துகிறேன். அழகர்கோவில் பக்கம் போனால் அங்கே ஒரு பெண், காலையில் தொட்டுப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது என்று நம்பிப் படுத்திருக்கிறாள். திருநகர் போனால் அங்கே வெள்ளை ஜன்னல் இருக்கிறது, பளபளவென்று, யாரும் கடிக்காதது. எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். தூணுக்குப் பின்னால்தானே நின்றேன். ஆனால் நான் சொல்லமாட்டேன். நான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் நம்பி, சேவலோடு கிளம்பி வந்துவிடுகிறார்கள்.

ஆட்டோ புறப்படாமல் நிற்கிறது. மதுரையில் மீட்டர் போடுகிற வழக்கம் இல்லை, அவசரமில்லாமல் யோசிக்கலாம். டிரைவர் உங்களைத்தான் பார்க்கிறார்.